கொட்டிய மண்

அந்த ஊருக்கு வரலாறு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆறுதான். அது வளைகிற இடத்தில் உள்ளங்கை அகல ஊர். கரையோரம் பெரிய தெரு. ஒதுக்குப்புறச் சதுப்பில் கூலிக்காரர் தெரு. வெள்ளம் வடிந்ததும் பெரிய தெரு வீடுகளுக்குள் முழங்கால் அளவு வண்டல் கிடக்கும். கூலிக்காரர்கள் அதைக் கூடை கூடையாகச் சுமந்து போய்த் தங்கள் தெருவில் கொட்டுவார்கள். வேறெங்கே கொட்ட விடுவார்கள்? கொட்டிய மண்ணின் மேலேயே குடிசையைப் பிரித்துக் கட்டிக்கொள்வார்கள். மூன்று தலைமுறையாக இதே பிழைப்பு.

அந்தத் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். நில அளவை அலுவலகத்தில் வேலை. வெள்ளம் எட்டாத மேடு எது என்று பார்க்கச் சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். அளவுகோல் பிடிக்கும் நாள்கூலிக்கு அவளுடைய அப்பாவே வந்து நின்றார்.

"நேரா பிடிங்கப்பா."

"நிமிந்து நிக்கறதுக்குக் கூலி குடுக்கறது இன்னைக்குத்தான். கொஞ்சம் அனுபவிச்சுக்கறேன் இரு."

பெரிய தெருவை அளந்துவிட்டுத் தங்கள் தெருவுக்கு வந்தாள். கணக்கு இடித்தது. மறுபடி அளந்தாள். கூலிக்காரர் தெரு பெரிய தெருவைவிட ஓர் ஆள் உயரம் மேலே நின்றது.

"அப்போ நாமதான் மேலயா?" அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "உங்க தாத்தாவுக்குச் சொல்லணும். செத்துத் தொலைஞ்சிட்டாரு மனுஷன்."

சாயங்காலம் இன்ஜினியரிடம் அளவுகளைக் கொஞ்சம் திமிராகவே நீட்டினாள். அவர் வரைபடத்தில் அவள் தெருவைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார்.

"நல்ல மேடும்மா. பெரிய தெரு ஆளுங்களுக்கு இங்கயே மனை பிரிச்சிடலாம்."

"அங்க ஏற்கனவே ஆள் இருக்காங்க சார்."

"பத்திரம் இருக்கா?"

"அந்த மேட்டைப் போட்டதே அவங்கதான் சார். தலையில சுமந்து."

"மண்ணு யாரோடது? பெரிய தெரு வீட்டு மண்ணுதானே?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"இவங்க எங்க சார் போறது?"

"பெரிய தெரு காலியாகுதுல்ல. அங்க இருந்துக்கட்டும். கல்லு வீடும்மா, குடிசைக்குத் தேவலை. நீதானே அளந்த, கீழ கையெழுத்துப் போடு."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் பார்த்தாள். அவள் போடாவிட்டால் இன்னொருவன் வந்து அளப்பான். அவனுக்கும் இதே உயரம்தான் வரும். போட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்தையும் சேர்த்து. அவர் நகத்துக்குள் இருந்த மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டே கேட்டார். கத்தவில்லை.

"அந்த வீட்டுக்குள்ளல்லாம் நான் கூடையோட மட்டும்தான் போயிருக்கேன்" என்றார். ஈர்க்குச்சியை வீசிவிட்டு, "அடுத்த வெள்ளத்துல ரொம்புற மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

"தெரியலப்பா."

அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். அவள் சாப்பிட்டாள். உப்பு போதுமா என்று அம்மா கேட்டதற்குப் போதும் என்றாள். போட்டிருந்ததா என்றே அவளுக்குத் தெரியவில்லை.