ஐந்து தட்டு நிலம்

சோழர்கள் நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்து வைத்தது சந்திரிகாவின் உயிரை வாங்கத்தான் போலிருக்கிறது. தேவதானம் கோயிலுக்கு, பிரம்மதேயம் பிராமணர்களுக்கு, வேளாண்வகை உழுகிற குடிகளுக்கு, சாலபோகம் பள்ளிக்கூடத்துக்கு, பள்ளிச்சந்தம் சமணர்களுக்கு. புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரியும். மூடிவிட்டால் எது யாருக்கு என்று ஒரே குழப்பம்.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதன் இரண்டாம் மாடியில், பருத்திச் சேலைப் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் வந்து நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உட்கார இடம் கொடு என்று சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. மேலே கேமராவும் இருந்ததால் ஸ்டூலில் யாரும் உட்காரத் துணியவில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் சந்திரிகா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஐந்து தட்டுகள். எட்டாத உயரத்தில் இருந்த மேல்தட்டுக்குப் பிரம்மதேயம் என்று பெயர் வைத்தாள். அதற்குக் கீழே தேவதானம், பிறகு சாலபோகம், பள்ளிச்சந்தம். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிகிற அடித்தட்டு வேளாண்வகை. சேலையை எடுக்கும்போது ஒரு தடவை, மடித்து வைக்கும்போது ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு மாதத்தில் மனப்பாடமாகிவிட்டது.

ஃப்ளோர் சூப்பர்வைசர் இசக்கிமுத்து அதைக் கவனித்துவிட்டார். சந்திரிகாவின் ஊர்க்காரர். அவள் அப்பாவிடம் "பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அழைத்து வந்தவர். இருபத்தைந்து வருஷம் நின்றே வேலை பார்த்து, இரண்டு காலிலும் நரம்பு புடைத்துச் சுருண்டுபோன பிறகுதான் சூப்பர்வைசர் பதவியும் ஒரு நாற்காலியும் கிடைத்தன.

"என்னளா, யாரத் திட்டுத?"

"திட்டல அண்ணாச்சி, படிக்கேன். குரூப் ஃபோர்."

அன்றிலிருந்து கூட்டமில்லாத மத்தியானங்களில் அவர் தட்டைக் காட்டுவார், அவள் பெயர் சொல்வாள். அவருக்கே அதில் ருசி தட்டிவிட்டது. பள்ளிச்சந்தத்தில் மட்டும் எப்போதும் சண்டைக்கு வருவார்.

"பள்ளின்னா பள்ளிக்கூடம்தானளா? சமணருக்குன்னு சொல்லுத?"

"அவங்க தங்குத எடத்துக்கும் பள்ளின்னுதான் பேரு அண்ணாச்சி."

பரீட்சை ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் லீவு கேட்டால் ஒரேயடியாக லீவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேலை போனால் ஊரில் அடுப்பு எரியாது. போன வருஷமும் இதே கதை. ஹால் டிக்கெட் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இந்த வருஷமும் விட்டால் ஆவணியில் கல்யாணம். "சர்க்கார் பரீட்சை எழுதுனா முடிவு வரைக்கும் தள்ளிப் போடலாம், இல்லன்னா இல்ல" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லீவு கேட்கத் துணியாமல், தேதியை மட்டும் சந்திரிகா இசக்கிமுத்துவிடம் சொல்லி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கடை திறந்துவிட்டது. எட்டு மணிக்கு இசக்கிமுத்து அவள் கையில் ஒரு அவுட் பாஸைத் திணித்தார். 'குடோன் வேலை' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

"ஓடு. ஒரு மணிக்குள்ள வந்துரு."

"மேனேஜர் பார்த்தா?"

"பார்த்தா பார்க்கட்டும். நீ போளா."

நந்தனத்தில் ஒரு கல்லூரியில்தான் அவளுக்கு இடம். தங்கும் இடத்துக்கு ஓடிப் பெட்டியிலிருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, கேட்டைச் சாத்துவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் உள்ளே நுழைந்துவிட்டாள். கேள்வித்தாள் வந்ததும் முதல் வேலையாகச் சோழர்களைத் தேடினாள். இருநூறு கேள்விகளையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். குடவோலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி இருந்தது, அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தேவதானம் இல்லை. பிரம்மதேயம் இல்லை. ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கணக்கில் பாதிக்குக் குத்துமதிப்பாக விடை வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டு வெளியே வந்தபோது, பாஸாவோமா மாட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைக்குத் திரும்பி மூச்சு வாங்க மாடிப்படி ஏறினாள். இரண்டாம் மாடி வாசலிலேயே பக்கத்துப் பிரிவு கீர்த்தி மறித்தாள்.

"பத்தரை மணிக்கு மேனேஜர் கேமராவுல பார்த்துட்டாரு அக்கா. ஒன் எடம் காலியா இருந்துச்சு. அண்ணாச்சி, 'நான்தான் அனுப்பினேன், அந்தப் பிள்ள மேல தப்பில்ல'ன்னுட்டாரு. எல்லார் முன்னாலயும் அவரு பேட்ஜைக் கழட்டிட்டாங்க. 'அவ எடத்துல இனி நீயே நில்லு'ன்னு சொல்லிட்டாரு மேனேஜரு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்திரிகா போனாள். ஐந்து தட்டுகளுக்கு முன்னால் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளைகள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

"அண்ணாச்சி..."

"அது கிடக்கு. கேட்டானா? பள்ளிச்சந்தம் கேட்டானா?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இந்த ஒரு பதிலுக்காகத்தான் நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"கேட்டான் அண்ணாச்சி. அஞ்சும் கேட்டான். அஞ்சும் சரியா எழுதிட்டேன்."

"பார்த்தியா! சமணருக்குன்னுதானே போட்ட?"

"சமணருக்குன்னுதான் போட்டேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் ஒரு அம்மாள் இடித்துக்கொண்டு வந்து கவுண்டரைத் தட்டினாள்.

"இன்னா சார், எம்மா நேரமா நிக்கிறது? மேல அந்தப் பச்சை கீது பாரு, அத்த எட்த்துப் போடு."

இசக்கிமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கால் இனி ஏணி ஏறாது.

"சந்திரிகா, பிரம்மதேயத்துல இருந்து அந்தப் பச்சைய எறக்குளா."

சந்திரிகா ஏணியில் ஏறினாள். சேலையை எடுத்த பிறகும் இறங்காமல், கீழே நின்ற அண்ணாச்சிக்கு முகத்தைக் காட்டாமல், தட்டைப் பார்த்தபடியே நின்றாள். அந்த அம்மாள் கீழிருந்து இரண்டு தரம் கூப்பிட்டாள்.