சந்தைக்குள் போகாத பைத்தியம்

எங்கள் ஊர் அசாபாவில் எடுக்கிற சினிமாப் படங்களில் பைத்தியம் வந்தால் அது மேக்கப் போடும் என் கைவேலை. கரித்தூள், பனை எண்ணெய், சடைமுடி டோப்பா, கிழிந்த சாக்கு. அரை மணி நேரத்தில் எந்த மாப்பிள்ளையையும் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுவேன். சித்தி வைத்த சூனியத்தால் ஒருவன், அண்ணனைக் கொன்ற பாவத்தால் ஒருவன் என்று வருவார்கள். மருந்து சாப்பிட்டுத் தேறியவன் மட்டும் ஒரு கதையிலும் வந்ததில்லை.

தேறியவன் என் வீட்டிலேயே இருந்தான். தையல்கடை வைத்திருக்கும் என் தம்பி அசூகா. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுவர் அவனோடு பேச ஆரம்பித்தது. அவன் கத்தவுமில்லை, துணியைக் கிழிக்கவுமில்லை. பளிச்சென்று குளித்துவிட்டு ஒரே சட்டையை நாள் முழுக்க இஸ்திரி போட்டான், பாவி. ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் இருந்தான். லாகோஸில் வேலை என்று ஊருக்குப் புளுகினேன்.

புளுகாமல் என்ன செய்ய? பெண் கொடுக்கும் முன்னால் எங்கள் ஆட்கள் குலம் முழுக்கத் துருவுவார்கள், குடும்பத்தில் பைத்தியம் உண்டா என்று. இப்போது மிளகாய்க்காரியின் மகள் எபெலேயை அவனுக்குப் பேசி முடித்திருந்தது. பெண் வீட்டுக்குக் கள் கொண்டுபோய்க் கொடுத்துக் கல்யாணத்தை முடிக்க மூன்று வாரம்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து டைரக்டர், படத்துக்குத் துணி தைத்துக் கொடுக்க வந்த அவனுக்குப் பைத்தியக்கார வேஷம் கொடுத்தார். கேமராவை ஒளித்துவைப்பார்களாம், இவன் சந்தைக்குள் நுழைவானாம், ஜனங்கள் கல்லால் அடிப்பார்களாம். வேண்டவே வேண்டாம் என்று குதித்தேன்.

"இவங்க காட்டுற பைத்தியத்துக்கும் எனக்கும் என்னக்கா சம்பந்தம்? எவனுக்குச் சந்தேகம் வரப்போகுது?" என்றான். வேறு வழியில்லாமல் கரி பூசினேன்.

சந்தைக்குள் நுழைந்துவிட்ட பைத்தியத்துக்கு மருந்தே கிடையாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான்தான் அதை மறந்துவிட்டேன். அசூகா சந்தை வாசலை நெருங்கியதும் முதலில் எழுந்தது எபெலேயின் அம்மா. மிளகாய்த் தட்டு கவிழ்ந்தது. அவள் போட்ட சத்தத்தில் பத்துப் பெண்கள் ஓடிவந்து, கை கோத்து வாசலை மறித்தார்கள். ஒரு கல்கூட விழவில்லை. அவள் தன் மேல்கட்டுத் துணியை அவிழ்த்து அவன் தோளில் போர்த்தி, முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு மாத்திரை போட்டியாப்பா?"

கேமராவை ஒளித்துவைத்த வண்டிக்குப் பின்னால் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது.

"போட்டேன் அத்தை. இது சினிமா," என்றான் அசூகா. அவள் நம்பாமல் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கரி வந்தது. அப்புறம் திரும்பி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லாகோஸுக்கு வேலைக்குப் போனவன் எவன்டி குண்டாகித் திரும்பி வந்திருக்கான்? அது மருந்துல ஊதின உடம்புன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா பொண்ணு குடுக்கறீங்க?" என்றேன்.

"மூணு வருஷமா ஒரு வேளை தவறாம முழுங்குறான்டி. என் வீட்டுக்காரர் ரத்தக்கொதிப்பு மாத்திரைய ஒரு வாரம் ஒழுங்கா முழுங்கினதில்ல."

டைரக்டர் ஓடிவந்து, மறுபடியும் எடுக்கலாம், இந்தத் தடவை கல்லெறியுங்கள் என்று கெஞ்சினார். பெண்கள் அவரைப் பார்த்த பார்வையில் தானாகவே வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் கோலத்தில் தன் மருமகன் சந்தைக்குள் வரக்கூடாது என்று வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள் எபெலேயின் அம்மா. அழுதுகொண்டே அவன் முகத்தைக் கழுவிவிட்டேன். அசூகா அவள் துணியைப் போர்த்தியபடியே சந்தைக்குள் போய், சிந்திய மிளகாயை அவளோடு உட்கார்ந்து பொறுக்கினான்.