சொந்த முடி மட்டும்

குழாயைத் திருகினேன். ஒரு இருமல் சத்தம். பிறகு வெறும் காற்று. பிறகு அதுவும் இல்லை.

"மிஸ் வெர்னா, எரியுது!"

"தெரியும் கண்ணு. தலையை அசைக்காதே."

தலை கழுவும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்துப் படுத்திருந்தாள் கார்லிஸ். தலை முழுக்க முடியை நேராக்கும் க்ரீம். பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. இருபதைத் தாண்டினால் தோல் வெந்துவிடும். அட்லாண்டாவில் முப்பத்தோரு வருடமாகச் சலூன் நடத்துகிறேன். என் குழாய் ஒரு நாளும் காலை வாரியதில்லை. இன்றைக்குப் பார்த்துத் தெருமுனையில் பூமிக்கடியில் ஏதோ வெடித்து, அந்த வட்டாரத்துக்கே தண்ணீர் நின்றுபோயிருந்தது.

"லூ!" என்று கத்தினேன்.

பின்னறைத் திரை விலகியது. தலையில் ஊதாத் துணி, உடம்பில் சாயம் போன பனியன், நாற்பது வயது, கரகரத்த குரல். லூ என் சனிக்கிழமை வாடிக்கை. வறண்ட குழாயையும் கார்லிஸின் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம்?"

"பதினாலு."

"அடப்பாவி!"

கதவை இடித்துக்கொண்டு ஓடினாள். பக்கத்துக் கோழி இறக்கை வறுவல் கடையில் யாரோ அலறுவது கேட்டது. "ஏய், அது விக்கிற தண்ணிம்மா!" அதைவிடச் சத்தமாக லூ: "ஒரு பொண்ணு தலை வேகுதுடா, தள்ளு!" இரண்டு தோளிலும் இரண்டு பெட்டி பாட்டில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். கட்டியிருந்த பட்டையை என் கத்தரியால் அறுத்தபோது விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டாள். நின்று பார்க்கவில்லை. மூடியைத் திருகுவாள், நீட்டுவாள், நான் ஊற்றுவேன். அடுத்தது. அடுத்தது.

குளிர்பெட்டித் தண்ணீர். கார்லிஸ் வீறிட்டாள்.

"கத்து, நல்லா கத்து. ஆனா எழுந்திரிக்காதே" என்றாள் லூ.

க்ரீமை முறிக்கிற ஷாம்பூ ஒன்று உண்டு. மருந்து மிச்சமிருந்தால் நுரை ரோஜா நிறத்தில் வரும். வெள்ளையாகும் வரை விடக் கூடாது. முதல் நுரை ரோஜா. இரண்டாவதும் ரோஜா.

"நேத்து தலையைச் சொறிஞ்சியா? சொறிஞ்ச இடத்துலதான் க்ரீம் இப்படி எரியும்."

"இல்ல, மிஸ் வெர்னா."

"கார்லிஸ்!"

"கொஞ்சமா..."

லூ சிரித்துவிட்டாள். "க்ரீம் போடற நாளுக்கு முந்தின நாள்தான் நம்ம தலைக்கெல்லாம் அரிப்பே வரும். நானும் சொறிஞ்சிட்டு இல்லன்னு பொய் சொன்னவதான்."

நான்காவது முறை நுரை வெள்ளையாக வந்தது. மூச்சு விட்டேன். கையை எடுத்தேன்.

கையோடு முடி வந்தது.

ஒன்றிரண்டு இழை இல்லை. கத்தை. லூவின் முகம் மாறியது. நான் குரலை மட்டும் மாற்றாமல் கேட்டேன்.

"கண்ணு, போன மாசம் வீட்ல ஏதாவது பூசினியா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ப்ளீச். ஒபல் வின்டர்ஸ் மாதிரி தேன் கலர் வரட்டும்னு. வந்தது பூசணிக்காய் கலர். அதான் மேல கறுப்பு அடிச்சிட்டேன்."

"கேட்டேனேடி! க்ரீம் தடவறதுக்கு முன்னாடி கேட்டேனே!"

"சொன்னா போட மாட்டேன்னு சொல்லிடுவீங்கல்ல?"

போட்டிருக்க மாட்டேன்தான். ப்ளீச் பட்ட முடியில் இந்த க்ரீம் பட்டால், தண்ணீரில் ஊறின காகித அட்டைதான். அவள் இடுப்பு வரை இறங்கிய முடி, இதுவரை சூடான சீப்பை இழுத்து நேராக்கிவந்த முடி, என் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தது.

கார்லிஸுக்கு இருபத்திரண்டு வயது. விமான நிலையத்தில் பெட்டி தூக்கிப்போடும் வேலை, ஞாயிறு சர்ச்சில் பாட்டு. பாடகி ஒபல் வின்டர்ஸின் இளமைக் கதையைப் படமாக எடுக்கிறார்கள். சிறு வயது ஒபலாக நடிக்க மூவாயிரம் பேர் போய், மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். மூவரில் இவள் ஒருத்தி. இன்று நாலு மணிக்கு, ஒபலுக்கு எதிரிலேயே கடைசித் தேர்வு. விளக்குச் சூட்டில் வியர்த்தால் முடி சுருண்டுவிடும் என்ற பயத்தில்தான் க்ரீமுக்கு வந்தாள்.

மணி பன்னிரண்டரை.

கண்ணாடியைப் பார்த்தாள். இடது பக்கம் முடி இருந்தது, வலது பக்கம் இல்லை. அழவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

நான் வாங்குவதற்குள் லூ பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். "இடுப்பளவு நேரான கூந்தல். சொந்த முடி மட்டும். விக், சவுரி அனுமதி இல்லை. தொட்டுப் பார்த்துச் சோதிக்கப்படும்."

இன்னொரு தரம் மனசுக்குள் படித்தாள். "யார் எழுதினது இதை?"

"கம்பெனிதான். ஒபல் மேடமே கேட்டிருப்பாங்க. அவங்க முடி பொறந்ததுலேருந்தே அப்படித்தானே."

"யார் சொன்னா?"

"பேட்டியில அவங்களே சொன்னாங்கக்கா. தேங்காய் எண்ணெயும் தேவனோட கிருபையும்தான் ரகசியம்னு."

"ஆமாமா. கிருபை முப்பது அங்குலத்துக்கு இறங்கிச்சு." லூ காகிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கார்லிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்னக்கா! நீங்க யார் முன்னாடியும் போய் நிக்க வேண்டியதில்ல!"

நான் தரையைப் பெருக்க ஆரம்பித்தேன். லூ பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சொல்லவில்லை. தலைத்துணியை அவிழ்த்தாள்.

உள்ளே ஒட்ட வெட்டிய சுருள் முடி, கருப்பு வெல்வெட் மாதிரி. நெற்றியோரம் இரண்டு பக்கமும் நாணயம் அளவுக்கு வழுக்கை. "இது இருபது வருஷம் பசை போட்டு விக் ஒட்டினதுக்குக் கூலி" என்று வழுக்கையைத் தொட்டுக் காட்டினாள். "மிச்சமிருக்கறது நான். இதைத் துணியில மூடி வைக்கறேனே தவிர, சனிக்கிழமை காலையில இதைத் தடவிப் பார்க்கற சுகம் வேற எதிலயும் இல்ல. தொட்டுப் பாரேன்."

கார்லிஸ் தொட்டாள். விரல் திரும்பி வர மனசில்லாமல் அங்கேயே நின்றது. பிறகு தன் தலையின் வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மிஸ் வெர்னா... இங்க அடியில ஏதோ இருக்கு."

இருந்தது. தலையோடு அரை அங்குலம் விட்டுத் தடவி, வேருக்குக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் க்ரீம் போடுவது என் முறை. எரிகிறது என்று அவள் முன்னாலேயே கத்தியதால், வேரோரத்துக்கு நான் போகவே இல்லை. அங்கங்கே கசிந்த இடத்தில்தான் எரிச்சல். ப்ளீச்சுக்குப் பிறகு முளைத்த அரை அங்குலம், மெஷினில் சுற்றிய கம்பிச்சுருள் மாதிரி, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடிவாதமாக நின்றது.

"இது யார் முடி?" என்று கேட்டாள் கார்லிஸ்.

"உன்னோடதுதான். பத்து வயசுக்கு அப்புறம் நீ இதைப் பார்த்திருக்க மாட்டே."

கண்ணாடிக்கு அருகே போனாள். வலது பக்கத்தை மட்டும் காட்டித் திரும்பினாள். கன்னத்து எலும்பு, கழுத்து, காது எல்லாம் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கத்தையும் எடுத்துடுங்க."

"நாலு மணிக்கு அங்க போகணுமேடி" என்றேன்.

"போகத்தான் போறேன். பாட வந்தவ பாடிட்டு வருவேன். வேண்டாம்னா அவங்க சொல்லட்டும், நானா எதுக்குச் சொல்லிக்கணும்?"

முடிவெட்டும் மெஷினை எடுத்தேன். எட்டே நிமிடம். ஓரத்தை மட்டும் சவரக்கத்தியால் கோடு போட்டேன். லூ விரலிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்டக் கைதட்டினாள். அப்போதுதான் அந்தக் காயம் மறுபடி நினைவுக்கு வந்தது. குழந்தைகள் ஜடை பின்ன வரும்போது ஒட்டுவதற்காக வைத்திருந்த பிளாஸ்டரில் ஒன்றை எடுத்து அவள் ஆள்காட்டி விரலில் சுற்றினேன். மஞ்சள் வாத்துப் படம் போட்டது.

"ரொம்ப கௌரவம்" என்றாள் லூ.

கார்லிஸ் பெரிய வளையத் தோடுகளை மாட்டிக்கொண்டு, தெருவே தனக்குச் சொந்தம் என்கிற நடையில் போனாள். கோழிக் கடைக்காரன் வாசலுக்கே வந்து விசிலடித்தான். நான் திரையை விலக்கிப் பின்னறைக்குள் போனேன். மூன்று மணிக்குள் முடித்துத் தலையில் பொருத்தியாக வேண்டிய ஒரு விக், தாங்கியில் காத்திருந்தது.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"மிஸ் வெர்னா!" கார்லிஸ் மூச்சு வாங்கினாள். "கம்பெனி ஆளு ஒருத்தன் என்னைப் பார்த்துட்டு லிஸ்டைப் பார்த்தான். 'சொந்த முடி மட்டும்னு போட்டிருந்தோமே'ன்னான். 'இது பின்ன யாரோடதுன்னு நெனைக்கறீங்க?'ன்னேன். ஹால்ல முதல்ல சிரிச்சது யாரு தெரியுமா? ஒபல் வின்டர்ஸ்! இடுப்பு வரைக்கும் முடி, பட்டு மாதிரி குரல். அவங்க பையிலேருந்து அந்த நோட்டீஸை எடுத்துக் கிழிச்சுப் போட்டாங்க. பாடினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. 'படத்துக்கு விக் வைப்பியா?'ன்னு."

"நீ என்னடி சொன்னே?"

"வேலைக்கு வைப்பேன், வீட்டுக்குப் போகும்போது கழட்டிடுவேன்னேன். அப்புறம் 'இவதான்'னாங்க. என்னைத்தான், மிஸ் வெர்னா!"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுமுனையில் அவள் குரல் தணிந்தது.

"ஆனா ஒண்ணு. கை குடுத்தாங்க. ஆள்காட்டி விரல்ல... மஞ்சள் வாத்து. அவங்க கிழிச்சதும், லூ அக்கா நாலா மடிச்சுப் பையில போட்டுக்கிட்ட அதே நோட்டீஸ்."

ஆறு வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. லூவே காட்டிவிட்ட பிறகு எனக்கென்ன?

"ஆமா கண்ணு" என்றேன். "அவங்கம்மா வெச்ச பேரு லூவீனியா. நீங்கள்லாம் ஒபல்னு கூப்பிடறது, சனிக்கிழமை தவறாம நான் ஒட்டி அனுப்பற அந்த முப்பது அங்குலத்தை."