தலையணைமேல் ஒரு கால்

1

இந்தக் கதையை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் எரிச்சல்தான். இரண்டு வருடங்களுக்கு முன் திண்டிவனம் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி என் கணுக்கால் உடைந்தது. அன்று வைத்த பிளேட்டையும் ஸ்குருக்களையும் போன வாரம் எடுத்துவிட்டார்கள். வீக்கம் மட்டும் போகவில்லை.

"காலை நெஞ்சுக்கு மேல உயரமா வச்சிருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வத்தலைன்னா திரும்பத் திறந்து பாக்கணும்," என்றார் டாக்டர்.

இன்று புதன்.

2

முதல் தொடக்கம்: 'வெயிலில் காய்ந்த கோட்டைப் பாறைகள்...' (வேண்டாம். ஜன்னலில் தெரிகிறது என்பதற்காக ராஜகிரிக் கோட்டையைக் கதைக்குள் இழுக்கக் கூடாது.)

இரண்டாம் தொடக்கம்: 'திரிசலா மூன்று தலையணைகளை அடுக்கிக் காலை மேலே வைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம். காலை இறக்கினாள்.'

இது என் கதை. பெயர் மட்டும் அவளுடையது. நலம் விசாரிக்க வருகிற பெரியவர்களுக்கு முன் காலை நீட்டிக்கொண்டு கிடக்க முடியுமா? அதுவும் கணவரின் பெரியப்பா தர்மதாஸுக்கு முன்? பொழுது சாய்வதற்குள் எங்கள் சமண வீடுகளில் சாப்பாடு முடிந்துவிடும். பிறகு பேச்சுதான். அவர் தினமும் வருவார். மின்விசிறிக் காற்று படும் ஒரே நாற்காலி என் கால்மாட்டில் இருக்கிறது.

3

"இன்னாம்மா, இன்னும் பூசணிக்காயாட்டம் இருக்குது?"

"வத்திடும் பெரிய மாமா."

"புளி சேத்துக்கிறியா?"

"இல்லியே."

"பின்ன எப்டி வீங்குது?"

மாமியார் ராஜமதி கதவோரம் நின்று, "டாக்டரு சொன்னத எல்லாம்தான் செய்யிறா," என்றார்.

கட்டிலிலிருந்து தொங்கிய கால் விண்விண்ணென்று தெறித்தது. (நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். விபத்தன்று ஆஸ்பத்திரியை விட்டு நகராதவர். கெட்டவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை பொய்யானது.)

4

திரிசலாவைத் துணிச்சல்காரி ஆக்கினேன். 'மாமா, என் கால் இப்படியேதான் இருக்கும். நீங்க நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்குங்க' என்றாள். எழுதியதும் அவள்மேல் சந்தேகம் வந்தது. நானே சொல்லாததை அவள் எங்கிருந்து

(வாசலில் சத்தம். சிலிண்டர் போட வந்தவர். அவருக்கும் காலை இறக்கிவிட்டேன்.)

5

முடிவு ஒன்று: வெள்ளிக்கிழமை மறுபடியும் கத்தி.

முடிவு இரண்டு: வீக்கம் தானாக வடிகிறது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. (இந்த முடிவு எனக்குச் சுலபமாக வருகிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

மூன்றாவதை நான் எழுதவில்லை. நொண்டிக்கொண்டே போய் நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே காற்று வராது. கால் தலையணைகளின்மேல் இருக்கிறது, பாதம் வாசலைப் பார்த்தபடி.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. யாரோ செருப்பைக் கழற்றுகிறார்கள். பெரிய மாமாவாக இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம், இவ்வளவு தூரம் படித்து வந்துவிட்டீர்களே. உள்ளே வாருங்கள். என் பாதத்தைப் பார்த்துக்கொண்டேதான் வர வேண்டும். உங்கள் முகம் தெரியும்வரை காலை இறக்கமாட்டேன். அதற்குப் பிறகு