ஆட்டுக்கல் கனத்தில் ஒரு ஜாவா புத்தகம்

என் மகன் பாலகுமார் அந்த ஜாவா புத்தகத்தை மேசைமேல் வைத்தபோது பெங்களூரில் எங்கள் ஈஜிபுரா முழுக்க ஓர் அங்குலம் கீழே இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "ஆட்டுக்கல் வாங்கினீங்களா சார்?" என்று விசாரித்தார். இரண்டாயிரமாவது வருஷம், பிப்ரவரி. நான் ரிட்டயராகி வீட்டில் ஒரு நல்ல சண்டைக்காக ஏங்கிக்கொண்டிருந்த காலம்.

புத்தகம் என் மகள் லாவண்யாவுக்கு. ஓர் ஆபீசில் டேட்டா என்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரிவையே மூடப்போகிறார்கள். மார்ச் கடைசியில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் பரீட்சை. தேறினால் ப்ரோகிராமிங் பக்கம், இல்லாவிட்டால் வீடு. அடியிலிருந்து சொல்லித்தரும் புத்தகமாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி அண்ணனைக் கேட்டாள். அவன் சாஃப்ட்வேர்க்காரன் ஆயிற்றே. குக்கரோ கட்டிலோ, கையில் தூக்கிப் பார்த்து கனமானதை எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். அவன் புத்தகத்தையும் அப்படித்தான் எடுத்திருந்தான்.

மூன்றாம் நாள் அடுப்பைப் பற்றவைக்காமலே பால் பொங்கியது. அவ்வளவு கோபம் அவளுக்கு.

"அட்டையில பிகினர்ஸுக்குன்னு போட்டிருக்கு. மொத பக்கத்துல, உங்களுக்கு சி ப்ளஸ் ப்ளஸ் தெரிஞ்சிருக்கும்னு ஆரம்பிக்கறான். தெரிஞ்சா நான் எதுக்குண்ணா பிகினர்ஸ் புத்தகம் கேக்கறேன்?"

"பெரிய புத்தகத்துல எல்லாம் இருக்கும். போகப்போகப் புரியும்."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"நான் ஃபீல்டுல இருக்கேன்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு என்று சொல்லி நானும் ஓடினேன்.

சிவாஜிநகரில் கோவிந்தப்பா கடை. எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருப்பார். பிரித்தால் வாங்கியாக வேண்டும்.

"புடவையப் பிரிச்சுக் காட்டறாங்க. புத்தகத்தப் பிரிக்கக் கூடாதா?" என்றாள் லாவண்யா.

"புடவைய யாரும் நின்னுக்கிட்டே படிச்சு முடிச்சுட்டுப் போறதில்லம்மா."

அவள் ஓர் உறையைக் கிழித்தாள். அந்தச் சத்தம் தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் அத்திபெலே வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு பக்கம் படித்தாள், தூக்கி வைத்தாள். அடுத்ததைக் கிழித்தாள். கோவிந்தப்பா கன்னடத்தில் திட்டினார், தமிழில் திட்டினார், உருதுவில் திட்டினார். பக்கத்து பஸ் ஸ்டாண்டில் புறப்படாத பஸ்களெல்லாம் பயந்து புறப்பட்டன.

"எல்லாத்தையும் நீயே வாங்கிட்டுப் போகணும்."

"மொத பக்கத்துலயே என்னைக் கழுத்தப் பிடிச்சு வெளியே தள்ளுது. இத வாங்கி நான் என்ன பண்ண?"

ஐந்தாவதைக் கிழித்தவள் அதைத் தூக்கி வைக்கவில்லை. ஒல்லிப் புத்தகம். சின்னதாக ஒரு ப்ரோகிராம். அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று அடுத்த பக்கம். பயிற்சிக்கெல்லாம் கடைசியில் விடை. நின்றபடியே படித்தாள். நான்கு உறைகளுக்கு என்ன பதில் என்று கோவிந்தப்பா என் சட்டையைப் பிடிக்க வந்தபோதுதான், சண்டையை வேடிக்கை பார்த்தவர்கள் பிரித்த புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். மூன்று அங்கேயே விற்றன. என் சட்டை தப்பியது.

ஒல்லிப் புத்தகத்தை வாங்கிப் படித்து லாவண்யா பரீட்சையில் தேறினாள். ஏப்ரலில் ஒரு நாள் பாலகுமார் அவள் அறை வாசலில் நின்றான். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர் குழம்பாமலிருக்க, கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் தேதி திருத்திக்கொண்டிருந்தவன். அந்த வேலை தீர்ந்துபோய், எல்லோரும் ஜாவா படியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"அந்தச் சின்ன புத்தகம் இருக்கா?"

அவள் முகம் சிவந்தது. "ஒனக்கும் தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்தே படிச்சிருக்கலாம். நான் மட்டும் முட்டாள்னு நெனச்சு மூணு நாள் அழுதேன்."

அவன் மறுபடி தண்ணீர்ச் சொம்பைத் தேடினான்.

"என் புத்தகத்தத் தர மாட்டேன். கோவிந்தப்பா கடைக்குப் போ. கிழிச்சுப் படி. ஒனக்குப் புரியறத வாங்கு."

அவன் கிளம்பினான். நான் சட்டையைக்கூட முழுசாகப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். கோவிந்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல் விடுவதா?