காரணம்: நெஞ்சுவலி

சின்ன வெங்காயத்தைத் தாள் அரியும்போது ஒரு விரற்கடை காம்பு விட வேண்டும். ஒட்ட அரிந்தால் கழுத்து வழியே ஈரம் இறங்கி, காற்றோட்டமாகச் சேமிக்கும் பட்டறையில் சேர்த்து வைத்த பத்தாம் நாளே அழுகத் தொடங்கும். குன்னத்துக்குத் தெற்கே ஒரு வெங்காயக் காட்டில், வேப்பமர நிழலில் கொட்டிய குவியலைச் சுற்றி ஐந்து பெண்கள் அரிந்துகொண்டிருந்தார்கள். இருசம்மாளுக்குக் கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

"மூச்சு இழுக்குறப்ப கர்ருனு கேக்கும். நின்னு நின்னு கேக்கும். ஒதடு நீலம் பாரிச்சிருக்கும். தட்டுனா எந்திரிக்க மாட்டான். அது தூக்கம் இல்லடி. ஒருக்களிச்சுப் போட்டுட்டு ஒடனே நூத்தியெட்டுக்கு அடிக்கணும்."

"எங்க வூட்டு ஆளு விடுற கொரட்டைக்குத் தெனம் அடிச்சா, வண்டிக்கு டீசல் ஊத்தியே கவருமெண்டு ஓஞ்சு போயிரும்," என்றாள் ராசாத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். இருசம்மாளும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பூங்காவனம் மட்டும் குனிந்தபடியே இருந்தாள். அவள் கையிலிருந்து விழுந்த வெங்காயங்களில் காம்பு இல்லை.

இருசம்மாளின் மகன் தமிழ்மாறன், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை பார்த்தவன். வயது இருபது. நாள் முழுக்க லாரி மேல் ஏறி இறங்கியதில் இடுப்பு விட்டுப்போனது. வலிக்கு என்று கூட வேலை செய்தவர்கள் கொடுத்த மாத்திரை பிறகு போதை ஊசியானது. அது அவளுக்கு அப்போது தெரியாது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு வேலை முடிந்து வந்து படுத்தவன் பலமாகக் குறட்டை விட்டான். எத்தனையோ நாளாகச் சரியாகத் தூங்காத பிள்ளை. பக்கத்து வீட்டுக்குப் போய் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். வாசலில் உட்கார்ந்து ஓசை எழாமல் அரிசி புடைத்தாள். மதியத்துக்கு மேல் குறட்டை நின்றது. இனி நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்தாள்.

அந்த மாத்திரை அளவு மீறினால், மூச்சு விடச் சொல்லும் மூளையே மந்தமாகிவிடும். தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து பாதையை அடைக்கும். மிச்சமிருக்கும் சந்தில் காற்று திணறி நுழையும் ஓசைதான் அது. சுகாதார நிலையத்து நர்ஸ் பிறகு ஒருநாள் தாளில் படம் போட்டு இதை விளக்கினார். அதன்பின் பஸ்ஸில் யார் குறட்டை விட்டாலும் இருசம்மாள் எழுந்துபோய்த் தோளை உலுக்குவாள். "ஏம்மா, கிறுக்கா ஒனக்கு?" என்று ஒருவர் அரியலூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். அவர் திட்டத் திட்ட அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஊராட்சி அலுவலகத்துக்கு முன் பந்தல் போட்டுக் கிராமசபை கூடியது. இருசம்மாள் எழுந்து நின்றாள்.

"டாக்டர் சீட்டு இல்லாம அந்த மாத்திரய விக்கிறவங்களப் புடிக்கணும்னு தீர்மானம் போடுங்க சார். எம் புள்ள அதுலதான் செத்தான்."

ஊராட்சிச் செயலாளர் குருமூர்த்தி தாள்களைப் புரட்டினார். "ஏம்மா, காரணம் நெஞ்சுவலின்னுல்ல இருக்கு? நீங்க சொல்லித்தான எழுதுனது?"

வீட்டில் நேரும் சாவுக்கு வீட்டார் சொல்லும் காரணம்தான் பதிவேட்டில் ஏறும். போலீசுக்குப் போனால் பிள்ளையை அறுப்பார்கள், உடல் மறுநாள்தான் கிடைக்கும், மகளைப் பெண் கேட்டவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் அன்று சொன்னார்கள். அவளும் நெஞ்சுவலி என்றாள்.

"நாந்தான் சொன்னேன். பொய் சொன்னேன். இப்ப நெசத்தச் சொல்றேன், எழுதுங்க."

"ஒத்த ஆளு வாய்வார்த்தைய வெச்சு எப்புடிம்மா எழுதறது? போதையில செத்தவங்க நம்ம ஊர்ல யாருமில்லன்னு போன மாசந்தான் மேல ரிப்போர்ட் அனுப்புனோம். இன்னொருத்தராச்சும் எந்திரிச்சுச் சொல்லட்டும், போட்டுறலாம்."

இருசம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசத்துல நாலு நெஞ்சுவலி. நாலும் இருவது, இருவத்தோரு வயசுப் பயலுவ. எந்த ஊர்லயாச்சும் நடக்குமா? ஒரு வார்த்த சொல்லுங்கடி."

மூன்றாவது வரிசையில் பூங்காவனம் இருந்தாள். அவள் மகன் ஜெயசீலன் தையில் செத்தான். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவள் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டாள். யாரும் எழவில்லை. குருமூர்த்தி தாளைத் திருப்பி, அடுத்து குடிநீர்க் குழாய் என்று வாசித்தார்.

கூட்டம் முடிந்து போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தார்கள். ரிப்போர்ட்டோடு போட்டோ வைக்க வேண்டுமாம். நீளத் துணிப் பேனர் ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் நின்ற பெண்களிடம் பிடிக்கக் கொடுத்தார்கள். இருசம்மாள் கையிலும் ஒரு ஓரம் வந்தது. அவளுக்கு அடுத்து பூங்காவனம் நின்றாள்.

"இன்னும் ஒசத்திப் புடிங்கம்மா," என்றார் போட்டோக்காரர். "மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல, எழுத்து தெரியணும்."

உயர்த்தினார்கள். துணி முகங்களை மறைத்தது.

"எம் ஜெயசீலனுக்கும் அதேதான்க்கா," என்றாள் பூங்காவனம், உதடு அசையாமல்.

"இத அங்க சொல்றதுக்கு என்னடி?"

"கல்யாணம் முடிஞ்சிரட்டும்க்கா."

"பேசாதீங்கம்மா, பேனர் ஆடுது பாருங்க."

பெண்கள் அசையாமல் நின்றார்கள். வெளிப்பக்கத்தில் 'போதையில்லா ஊராட்சி' என்ற எழுத்து நேரானது.