தடை ஒன்றும் இல்லை

வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் பொன்னப்பன் உபதேசியார். எதிரே பெஞ்சில் அப்பா ராஜப்பன். அவரை ஒட்டித் தாய்மாமன் ராஜதாஸ். அம்மா ஜெயபாய் அடுக்களைப் படியில். கட்டிலின் கால்மாட்டில் நிபின். மரம் அறுக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்; புருவத்திலும் மயிரிலும் மரத்தூள் ஒட்டியிருந்தது. கூட்டாளி தீபு உள்ளே வரவில்லை. முற்றத்தில், அறுப்புக் குழியின் குறுக்கே கிடந்த அயினி மரத் தடிமேல் உட்கார்ந்து அறுப்பு வாளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். நிபினின் கல்யாணக் கட்டிலுக்கான தடி அது.

உபதேசியார் மடியில் பலகை வைத்துப் பேனாவைத் திறந்தார். பெண் வீட்டுச் சபைக்கு எழுத வேண்டிய கடிதம். இன்றைய தபாலில் சேர்ந்தால்தான் வரும் ஞாயிறே அங்கே அறிவிப்பு வாசிப்பார்கள். இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு பேர்களை வாசித்து, தடை சொல்ல ஆள் உண்டா என்று கேட்பார்கள். யாரும் எழும்பாவிட்டால் கல்யாணம்.

"மாப்பிள்ளைக்குப் பூரண சம்மதம்ணு எழுதணும். என்னலே நிபினே, எழுதட்டா?"

நிபின் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

"பய வெக்கப்படுதான். எழுதும் உபதேசியாரே," என்றார் மாமன்.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அவனும் தீபுவும் ஒரே வாளுக்கு இரண்டு ஆள். மேலே தீபு, குழிக்குள் நிபின். மேலே நிற்பவன் கோடு பார்ப்பான். கீழே நிற்பவன் கண்ணை இடுக்கிக்கொண்டு இழுப்பான். தீபு சோர்ந்தால் அவன் சொல்வதற்கு முன்பே வாள் நிபினின் கைக்குச் சொல்லிவிடும். தொண்ணூற்று மூன்றாம் வருட மழையில் தீபு மஞ்சக்காமாலையில் படுத்தான். ராஜப்பன் வேறொருவனைக் கூட்டிவந்தார். வாள் கோணிக்கொண்டே போனது. புதுப் பயலுக்குக் கை ஒத்துவரவில்லை என்றார்கள். தான் தவிப்பது வேலைக்காக என்று நிபின் தனக்கே சொல்லிப் பார்த்தான். அன்று ராத்திரி தன்னை நினைத்து அவனுக்குப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி கிடந்து ஜெபித்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போய், உடம்புக்கு ஒரு க்ஷீணம் என்று மட்டும் சொன்னான். அவர் சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூத்திரம் மஞ்சளாகப் போனது, வேறொன்றும் மாறவில்லை.

போன மாதம் பெண் பார்த்தார்கள். தையல் படித்த பெண், ஜெஸ்னா. தனியே பேசவிட்டபோது அவள்தான் முதலில் கேட்டாள்: "வேலைக்கு போவும்போ சோறு கெட்டிக் கொண்டு போவியளா?" ரெண்டு பேருக்கு என்று வாய்வரை வந்ததை நிபின் விழுங்கினான். அந்தக் கேள்வி அவனை இன்னும் விடவில்லை. கல்யாணம் நடந்தால், யாருக்கென்று தெரியாமலே அவள் தினமும் சோறு கட்டிக்கொண்டிருப்பாள்.

"வேற பெண்ணு ஏதெங்கிலும் மனசுல உண்டுண்ணா இப்பமே சொல்லிப்போடு," என்றார் உபதேசியார். "பொறவு சபைக்கு முன்னால நாணங்கெடப்பிடாது."

"பெண்ணு ஒண்ணும் இல்ல."

"பின்னே என்ன தடை?" அவர் சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

"மக்கா, இஞ்ச வந்து காப்பிய எடு," என்று ஜெயபாய் எழும்பினாள்.

அடுக்களைக்குள் போனதும் அவன் கையைப் பிடித்தாள். "மொகம் ஏன்லே இப்பிடி வெளுத்துக் கெடக்கு? இந்துப் பெண்ணெங்கிலும் சொல்லு. அப்பாட்ட நான் பேசுதேன்."

"பெண்ணே இல்லம்மா." அவன் தம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு பெண்ணுவமேல மனசு போவாது. ஒருநாளும் போனதில்ல. ஜெபிச்சும் பாத்தாச்சு, மருந்து தின்னும் பாத்தாச்சு. இது சூக்கேடு இல்லம்மா. நான் இப்பிடி ஆக்கும்."

சொன்ன பிறகு மூச்சு சீராக வந்தது. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கெட்டினா எல்லாம் செரியாவும்."

"ஆவாதும்மா. அந்தப் பெண்ணு என்ன பாவம் செய்தா?"

ஜெயபாய் திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தீபு வாளின் பல்லை ஒவ்வொன்றாக ராவி, ஊதி, வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடமும் இரண்டு பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்.

"அவனுக்கு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாண்டாம். இது இந்த அடுக்களைக்குள்ளயே கெடக்கட்டு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பானையைத் திறந்து நாலைந்து சோற்றுப் பருக்கைகளை உள்ளங்கையில் எடுத்தாள்.

கூடத்தில் உபதேசியார் வாசித்து முடித்துக்கொண்டிருந்தார். "...மணமகனுக்குப் பூரண சம்மதம். எங்கள் அறிவுக்கு எட்டியவரை தடை ஒன்றும் இல்லை."

"ஒரு ஞாயிறு கழியட்டு உபதேசியாரே," என்றான் நிபின்.

"கேட்டியளா? கட்டிலுக்கு தடியும் அறுத்து, மாப்பிள்ளைக்கு ஞாயிறு வேணுமாம்!" மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ராஜப்பன் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தார்; பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அவனுக்கு பயமாக்கும். நீங்க ஒப்பு போடுங்க," என்றாள் ஜெயபாய்.

நிபின் அம்மாவைப் பார்த்தான். அவள் குனிந்து கவரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பயலுக்க ஒப்பு வேண்டாமா?" என்று கேட்டார் ராஜப்பன்.

"தகப்பனுக்க ஒப்பு போதும். அதாக்கும் வழக்கம்," என்றார் உபதேசியார்.

ராஜப்பன் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்திட்டார். கடிதத்தை மடித்துக் கவரில் வைத்ததும், ஜெயபாய் பருக்கைகளை விரலால் நசுக்கி மூடியில் தேய்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, இடைவெளியில்லாமல். பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு தானே முற்றத்துக்கு இறங்கினாள்.

"தீபு, மக்கா, இத பாறசாலை தபாலாபீசுல கொண்டு போடணும். உச்சைக்கு முந்தி."

"கல்யாணக் காரியமா மாமி?" தீபு கையை லுங்கியில் துடைத்து வாங்கினான். "கட்டிலுக்கு அறுக்கதும் நான், கடுதாசி கொண்டு போறதும் நான். பந்தியில மொத எலை எனக்காக்கும், சொல்லியாச்சு!"

கூர் தீட்டிய வாளை அறுத்த கோட்டில் இறக்கி வைத்தான். வாசலில் நின்ற நிபினைப் பார்த்துக் கத்தினான்: "எலே மாப்பிள, குழியில எறங்கி நில்லு. நான் இப்பம் வாறேன்."

கடிதம் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிய, சைக்கிள் ரோட்டில் ஏறியது. நிபின் குழிக்குள் இறங்கிக் கீழ்ப்பிடியைப் பிடித்து இழுத்தான். வாள் எளிதாகக் கீழே வந்தது. மேலே இழுக்க ஆள் இல்லாமல் அங்கேயே நின்றது.